எந்த நீரில் பிடித்த மீன்?

கர்ப்பிணிகளுக்கான ஊட்டச்சத்து ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "வேண்டாம்". மீனைப் பற்றி யாராவது கேட்டால், பாதரசம் இருக்கும், எதற்கு வம்பு, பிரசவம் முடியும்வரை விட்டுவிடுங்கள் என்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கும் கடமையை முடித்த நிம்மதி.

அந்த நிம்மதியைக் கலைத்தவர் ஐந்தாம் மாதத்தில் வந்த ஒரு பெண். கணவர் தூண்டில் போட்டு ஏரியிலிருந்து கொண்டுவரும் மீன்தான் வாரத்தில் நாலைந்து நாள் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. வழக்கம்போல் வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் வந்தபோது எடை ஏறவேயில்லை. என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டபோதுதான் புரிந்தது: மீனை நிறுத்தியவர் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. "நீங்கதானே மேடம் வேண்டாம்னு சொன்னீங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதன்பிறகுதான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். என் பயம் பொய்யானதல்ல. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை கழிவுநீரோடு கடலில் கலந்துவிட்ட மெத்தில் பாதரசம் (பாதரசத்தின் உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவம்), மீன் வழியாக மக்களின் உடலுக்குள் போனது. 1956இல் அந்த நோய் வெளியே தெரிந்தது. தாய்க்குப் பெரிய அறிகுறி எதுவும் இல்லாதபோதும் குழந்தை மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தது. நஞ்சுக்கொடி விஷத்தை வடிகட்டிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில் தொப்புள்கொடி ரத்தத்தில் மெத்தில் பாதரசத்தின் அளவு தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஆனால் எல்லா மீனும் மினமாட்டா மீன் இல்லை. நிலக்கரி எரிப்பதிலிருந்தும் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் வரும் பாதரசம் காற்றில் பரவி நீர்நிலைகளில் இறங்குகிறது. அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியிலிருந்து புழு பூச்சிக்கு, அதிலிருந்து சின்ன மீனுக்கு, அதைத் தின்னும் பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் அது சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சுறாவும் வாள்மீனும் கர்ப்பிணிக்கு ஆகாது, மத்தி நல்லது. ஏரிக்கும் ஆற்றுக்கும் அதே கணக்குதான். வேட்டையாடும் மீன், வயதான மீன், பெரிய மீன் என்றால் கவனம் வேண்டும்.

நான் சொல்லிவந்த இன்னொரு தவறும் அப்போது தெரிந்தது. "நல்லா வேகவெச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். வேகவைத்தால் கிருமியும் புழுவும் சாகும். கர்ப்பிணிக்கு அது கட்டாயம் தேவை. பாதரசம் மட்டும் அசையாது, ஏனென்றால் அது சதையிலேயே பிணைந்திருக்கிறது. பிசிபி, டையாக்சின் போன்ற நச்சு ரசாயனங்கள் வேறு ரகம், கொழுப்பில் தங்குபவை. தோல், வயிற்றுக் கொழுப்பு, குடல் எல்லாவற்றையும் நீக்கி, கொழுப்பு வடியும்படி சுட்டால் அவை குறையும்.

மறுபக்கம், மீனைத் தவிர்ப்பதும் இழப்புதான். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், நல்ல புரதம் மூன்றும் ஒரே உணவில் கிடைப்பது அபூர்வம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இல் கர்ப்பிணிகளுக்கு மீனுக்கு மேல்வரம்பு மட்டும் சொன்னது. பல பெண்கள் மிகக் குறைவாகவே மீன் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பின், 2014இல் வெளியிட்ட வரைவில், பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்குக் குறைந்தது 8 அவுன்ஸ், அதிகபட்சம் 12 அவுன்ஸ், அதாவது 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடுங்கள் என்று மாற்றிச் சொன்னது. அதைப் படித்தபோது அந்தப் பெண்ணின் எடை அட்டைதான் கண்ணுக்குள் வந்தது.

நாமே பிடிக்கும் மீனுக்குத் தனி அறிவுரை உண்டு. அந்த நீர்நிலையைப் பரிசோதித்து எச்சரிக்கை எதுவும் வெளியிட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்தத் தகவலும் இல்லையென்றால், வாரத்தில் ஒரே ஒரு வேளை, சுமார் 110 கிராம். அந்த வாரம் வேறு மீன் கூடாது. இப்போது நான் முதலில் கேட்பது எந்த நீர் என்றுதான். மேலே ஆலையோ பழைய சுரங்கமோ சாக்கடையோ இருக்கிறதா? புதிதாக அணை கட்டித் தேக்கிய நீரா? மூழ்கிய மண்ணில் அந்த பாக்டீரியாக்கள் பெருகுவதால் அங்கே மீனில் பாதரசம் பல ஆண்டுகள் கூடுதலாகவே இருக்கும். நீர்மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அதில் பிடித்ததே வேண்டாம் என்பேன்.

"இதுவரைக்கும் சாப்பிட்டுட்டேனே" என்று அழுதவர்களும் உண்டு. ஒருநாள் சாப்பாடு எதையும் முடிவுசெய்துவிடாது. மெத்தில் பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதியாகிவிடும், மெல்ல மெல்ல வெளியேறும். நீண்ட நாள் பெரிய மீனாகவே சாப்பிட்டவர் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

அந்தப் பெண்ணை அடுத்த முறை கணவரோடு வரச் சொன்னேன். முதலில் என் தவறைச் சொன்னேன். அப்புறம் மூவரும் உட்கார்ந்து பேசினோம். வாரம் ஒருநாள் ஏரி மீன், அதுவும் சின்னதாக. மற்ற நாள்களில் முட்டை, பருப்பு. "பெரிய மீன் கிடைச்சா?" என்று கணவர் கேட்டார். நீங்கள் சாப்பிடுங்கள், அவருக்கு வேண்டாம் என்றேன். எட்டாம் மாதத்தில் எடை ஏறியிருந்தது. கிளம்பும்போது, "பால் கொடுக்கும்போதும் இதே கணக்குதானா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.