பேணியில் விழுந்த காசுக்குக் கணக்கு வேண்டும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் உண்டியலோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் நான் காசு போடாமல் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே இருப்பதை வாசித்துவிட்டு இவரும் பிள்ளைகளைச் சந்தேகப்படுகிறார் என்று யாரும் நினைக்கக் கூடாது.

போன கிழமை ஆஸ்பத்திரி வீதியில் நின்ற பிள்ளைக்கு பதினைந்து, பதினாறு வயது இருக்கும். கையில் பால்மாப் பேணி, மூடியில் கத்தியால் கீறின துவாரம், சுற்றிவர ஒட்டுநாடா, முன்னுக்கு 'புற்றுநோயாளர்களுக்கு உதவுவோம்' என்று கையால் எழுதி ஒட்டின தாள். வியர்வையில் அதன் ஒரு மூலை கிளம்பியிருந்தது. பஸ்ஸுக்கு அவசரமாக வந்த ஒரு ஐயா நின்று, "இந்தக் காசு எங்க பிள்ளை போகுது?" என்று கேட்டார். "தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்கு ஐயா." "அங்க ஆரிட்டக் குடுப்பியள்?" அவளுக்குத் தெரியவில்லை. "சேர்தான் கொண்டுபோறவர்" என்றாள், கண் கலங்கிவிட்டது.

ஐயா கேட்டதில் பிழையே இல்லை. அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பிய பெரியவர்களில்தான் பிழை.

தேவை உண்மையானது. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், சரி, ஆனால் மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு வருகிறவருக்கு பஸ் காசு வேண்டும், கூட வருகிறவருக்குச் சாப்பாடு வேண்டும், அவர் இழக்கும் நாட்சம்பளம் வேறு, சில பரிசோதனைகளையும் மருந்துகளையும் வெளியில் பார்க்க வேண்டி வரும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை குடும்பம் மருந்துச் சீட்டோடு பாமசி பாமசியாக அலைந்தது. 2004 சுனாமி வடமராட்சி கிழக்கை அடித்துக்கொண்டு போனபோதும் இந்த வயதுப் பிள்ளைகள்தான் வீடு வீடாகப் போய் உடுப்பும் அரிசியும் சேர்த்தார்கள். அந்தப் பழக்கம் இந்த மண்ணில் விட்டுப்போகக் கூடாது.

அதனால்தான் கேட்கிறேன். கோயில் திருவிழா முடிந்தால் வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறோம், பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பொருளாளர் எழும்பிக் கணக்கு வாசிக்கிறார், ஒரு ரூபாய் பிசகினாலும் விடமாட்டோம். தெருவில் சேரும் காசுக்கு மட்டும் ஏன் அது இல்லை? பேணிக்கு இலக்கம் போட்டு முத்திரை வையுங்கள். அதிபரின் கடிதம் ஒன்று பிள்ளையின் கையில் இருக்கட்டும். பின்னேரம் மாணவர்களுக்கு முன்னாலேயே உடைத்து எண்ணி, அவர்களிலும் ஒருவர் கையெழுத்து வைக்கட்டும். ஆஸ்பத்திரி தந்த பற்றுச்சீட்டைப் பாடசாலை வாசலிலும் முகநூலிலும் போடுங்கள், தொகை சின்னது என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, உச்சி வெயிலில் தனியாக நிறுத்தாதீர்கள். இரண்டு பேராக, நிழலில், தண்ணிப் போத்தலோடு நிற்கட்டும், ஒரு ஆசிரியரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், காசைக் கையளிக்கப் போகும்போது சேர்த்த பிள்ளைகளில் சிலரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஆரிட்டக் கொடுத்தோம், எதற்குச் செலவாகும் என்று அவர்கள் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் தயவுசெய்து நோயாளியின் கட்டிலடியில் நின்று படம் எடுக்க வேண்டாம்.