ஓஇடி: நான் இரண்டரை முறை எழுதிய கதை

ஓஇடி என்பது டாக்டர், நர்ஸ் போன்றவர்கள் வெளிநாட்டு வேலைக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வு. எனக்கு ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது. ஸ்பீக்கிங் 370, ரைட்டிங் 320. பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய, அங்கே நர்சுகளைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் மட்டும் 300. பிப்ரவரியில் முதல் முறை எழுதியபோது ஸ்பீக்கிங் 330, ரைட்டிங் 270. நவம்பரில்தான் கரையேறினேன். நடுவில் ஜூனில் ஒருமுறை தேர்வு அறைக்குள்ளேயே போகவில்லை. அதைத்தான் அரை என்கிறேன்.

முதலில் அந்த அரையைச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பழைய பாஸ்போர்ட் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்தேன். அதன் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். இரண்டுக்கும் முடிச்சு இருக்கிறது என்று தோன்றவே இல்லை. மதுரையில் நைட் டூட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் பிடித்து, காலையில் சென்னைத் தேர்வு மைய வாசலில் புது பாஸ்போர்ட்டை நீட்டினேன். அங்கிருந்த பெண் லிஸ்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி லிஸ்டைப் பார்த்தார். "நம்பர் வேற வருதே மேடம்." பழையது மூலை வெட்டப்பட்டு ஊரில் பீரோவுக்குள் கிடந்தது. ஆதார் காட்டினேன், ஆஸ்பத்திரி ஐடி காட்டினேன், கெஞ்சியும் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது. முப்பதாயிரத்துக்கு மேல் கட்டிய பணம் போயிற்று. கிளாம்பாக்கத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அன்று பகலே ஊர் திரும்பினேன்.

ஆகவே, பதிவில் கொடுத்த பாஸ்போர்ட்தான் தேர்வன்று கையில் இருக்க வேண்டும். மாற்றினால் அன்றைக்கே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பெயரும் அப்படித்தான். நம் சான்றிதழில் இனிஷியல் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயராக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே பதிவிலும் இருக்கட்டும்.

லிசனிங், ரீடிங் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆடியோ ஒரு தடவைதான் ஓடும்; ரீடிங்கில் முதல் பகுதிக்கு 15 நிமிடம்தான், முடிந்ததும் தாளை வாங்கிவிடுவார்கள். பழகினால் வந்துவிடும்.

என்னைக் கவிழ்த்தது மற்ற இரண்டும்தான். அதில் பாதிப் பழி நான் போன கோச்சிங் சென்டருக்கு. அங்கே நாற்பது லெட்டர்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். "சொந்தமா எதுவும் எழுதாதீங்க, அங்கதான் மார்க் போகும்" என்பார் சார். ரைட்டிங்கில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸைக் கொடுத்து, இன்னாருக்கு லெட்டர் எழுது என்பார்கள். படிக்க 5 நிமிடம், அப்போது பேனாவைத் தொடக்கூடாது. எழுத 40 நிமிடம். லெட்டரின் முக்கியப் பகுதி 180 முதல் 200 வார்த்தை. நான் நோட்ஸில் இருந்த அத்தனையையும் அள்ளிப் போட்டேன். காலில் ஆறாத புண்ணுக்கு வீட்டுக்கே வந்து டிரஸ்ஸிங் மாற்றப்போகும் நர்சுக்கு, சின்ன வயதில் நடந்த டான்சில் ஆபரேஷனைப் பற்றி என்ன கவலை? அதையும் எழுதினேன். கடைசியில் நம் ஊர் முத்திரையாக "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று வேறு முடித்திருந்தேன்.

லண்டன் பக்கம் வேலை பார்க்கும் ஒரு சீனியர் அக்காவுக்கு வாட்ஸப்பில் என் லெட்டரை அனுப்பினேன். அவர் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு வாய்ஸ் நோட். "இத வாங்கிப் படிக்கிறவ நாளைக்குக் காலையில முதல்ல என்னடி செய்யணும்? அதை மேல எழுது. அவளுக்கு வேண்டாததை எல்லாம் அடி." கோச்சிங்கின் மூன்று மாதத்தை விட இந்த வாய்ஸ் நோட் எனக்கு உதவியது. அதற்கப்புறம் நோட்ஸைப் படிப்பதற்கு முன்பே கேள்வியைப் படித்தேன்: லெட்டர் யாருக்கு, எதற்கு. எழுதிய நோக்கம் முதல் பாராவிலேயே தெரிகிறதா என்பதற்குத் தனியாக மார்க் உண்டு என்பதைக்கூட அப்போதுதான் கவனித்தேன். மார்க் போடும் முறையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், இலவசம்தான். சென்டரில் யாரும் அதைக் காட்டவில்லை.

ஸ்பீக்கிங்தான் பெரிய அடி. இரண்டு ரோல் ப்ளே, ஒவ்வொன்றுக்கும் சூழ்நிலை எழுதிய அட்டையைப் படிக்க 3 நிமிடம், பேச ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். மார்க் போடுவது அவர் இல்லை, ரெக்கார்டிங்கைக் கேட்பவர்கள். கிராமர் மட்டும் போதாது. நோயாளி என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா, விளக்கும் முன் அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்தீர்களா, எல்லாவற்றுக்கும் மார்க்.

தோற்ற பிறகு ஹாஸ்டல் மொட்டை மாடியில் ரூம்மேட்டை நோயாளியாக்கி, போனில் பதிவு செய்து கேட்டேன். இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் சர்க்கரை நோயாளி. ஐந்து நிமிடத்தில் ஒன்பது முறை "டோன்ட் வொரி" சொல்லியிருக்கிறேன், ஏழு முறை "யூ ஹேவ் டு டேக்". ஒரு கேள்விகூட இல்லை. ஸ்டேஷனில் அறிவிப்பு ஓடுவது மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த வாரமே வார்டில் நிஜமாகவே ஒரு பாட்டி ஊசி வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏன் பாட்டி வேணாங்கிறீங்க? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்சுலின் போட ஆரம்பித்த வருடமே காலை எடுத்துவிட்டார்களாம், ஊசியால்தான் கால் போனது என்று பாட்டி நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தைப் பேசித் தீர்த்த பிறகு கையை நீட்டிவிட்டார். டிரேயோடு திரும்பும்போதுதான் உறைத்தது, தேர்வில் கேட்டது இதைத்தானே! தமிழில் தினமும் செய்கிறேன். ஆங்கிலம் வாயில் ஏறியதும் கேட்கும் பழக்கமே போய்விடுகிறது.

அப்புறம் வழியை மாற்றினேன். டூட்டியில் நான் தமிழில் கேட்ட கேள்விகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி, ராத்திரி அவற்றை எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். "வாட் வொரீஸ் யூ மோஸ்ட் அபவுட் திஸ்?" இந்த ஒரு வாக்கியம் எந்த அட்டைக்கும் பொருந்தும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்சிடம் நோயாளிகள் விவரம் சொல்லும் ஹேண்டோவரையும் ஆங்கிலத்திலேயே கொடுத்தேன். "வந்துட்டாங்கப்பா லண்டன் சிஸ்டர்" என்று இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு கதை.

நவம்பரில் ஸ்பீக்கிங்கும் ரைட்டிங்கும் ஏறின. ஆனால் ரீடிங் 340க்குச் சறுக்கிவிட்டது! பிப்ரவரியில் 360 வாங்கியிருந்ததால் பிழைத்தேன். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வின் மார்க்கைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. கீழ்வரம்பும் உண்டு என்பதால் எதிலும் படுமோசமாக விழக்கூடாது. பாஸ்போர்ட் கூத்து இன்னொரு தடவை நடந்திருந்தால் அந்தக் கெடுவும் கடந்திருக்கும். அந்தப் பழைய பாஸ்போர்ட்டை இப்போது புதியதோடு ரப்பர் பேண்ட் போட்டு ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.