பார்ல், ரிப்போர்ட் வரும் வரை

மார்ச் 27
டர்பனிலிருந்து கேப் டவுன் பக்கத்துப் பார்லுக்குப் பஸ் கிளம்பிவிட்டது. கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர். தம்பி, என் பிள்ளை, இரண்டு சீட்டில் குறுக்கே படுத்திருக்கிறான், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறதாம். கிரிக்கெட் டீமோடு போகலாம், பந்து மட்டும் போடக்கூடாது என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 28
கரூ என்ற வறண்ட வெளி முழுக்கச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வந்தது. மலைக்குள் போகும் ஹியூகனாட் சுரங்கப்பாதை கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச் 29
இன்று மேட்ச் இல்லை. பையன்களைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரியவர், இரண்டு மகன்கள், கணக்குப் பார்க்கும் மருமகள். தோட்டம் அவர்கள் குடும்பத்தினுடையது. கேபர்னே சாவின்யோன் என்ற ஒயின் திராட்சையின் கடைசி அறுவடை நடக்கிறது. பழைய வரிசைகளில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவுப் புதராகத் தானே நிற்கிறது கொடி. ஊருக்கு, தேனிப் பக்கத்துக் கம்பத்துக்குப் போன் போட்டேன். "பந்தல் போடாம கொடி எப்படித் தாயி நிக்கும்?" என்றார் அப்பா. வீடியோவில் காட்டியும் நம்பவில்லை.

ஹானபூட் என்ற திராட்சைப் பழம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனதும் கண் கலங்கிவிட்டது. அதே பன்னீர் வாசனை! நம் கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பெற்ற இரண்டு கொடிகளில் இதுவும் ஒன்று என்று அப்பா சொல்லியிருக்கிறார். நமக்கு வருஷத்தில் இரண்டு மூன்று அறுப்பு வரும். இங்கே ஒன்றுதான். குளிரில் இலையெல்லாம் கொட்டி உறங்கும், ஜூலை ஆகஸ்டில் கவாத்து.

புதிதாக நட்ட வரிசை ஒன்றும் இருந்தது. முதல் இரண்டு வருஷம் காய்க்க விடுவதில்லையாம். பிஞ்சுக் கொத்தை எல்லாம் கிள்ளிப்போட்டுவிடுவார்களாம். வேர் இறங்க வேண்டும், தண்டு தடிக்க வேண்டும் என்றார் பெரியவர். எத்தனை வருஷம் என்று மறுபடியும் கேட்டேன். விலகி நடந்து வந்த பிறகு திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

தம்பிக்குப் பதினாலு வயது. போன சீசனில் சனிக்கிழமை பள்ளிக்குப் பந்து போட்டான், ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு. எவ்வளவு போட்டான் என்று இரண்டு கோச்சும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

மார்ச் 30
அழைப்பு வரவில்லை.

மார்ச் 31
மேட்ச். தோற்றோம். அவன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். வலக்கை வேகப்பந்துக்காரப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் முதுகெலும்பு விரிசல் விடுமாம். அவன் கை வைத்துக் காட்டுவதும் இடப்பக்கம்தான். ராத்திரி எண்ணெய் தேய்க்கக்கூட பயம்.

ஏப்ரல் 1
டாக்டர் அழைத்தார். முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்தாவது எலும்பு, இடப்பக்கம். விரிசல்தான். நல்ல வேளை, விலகவில்லை. மாதக்கணக்கில் ஓய்வு, பிறகு பயிற்சி, பிறகு இன்னொரு ஸ்கேன், அதற்கப்புறம்தான் பந்து.
"பேட்டிங் பண்ணலாமாம்மா?"
வேண்டாம்டா கண்ணா என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கூடவே படுத்திருந்தேன்.

ஏப்ரல் 2
காலையில் நெட்ஸில், சும்மா மெதுவாக நாலு பந்து போட்டுப் பார் என்று கோச் சொன்னாராம். ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகும். இப்போதே கீழே போகிறேன்.