புகார் யார் கைக்குப் போகிறது?

2014 மார்ச்சில் அந்த அறிவிப்பு வந்தபோது, கோவையில் இணைய முகவரிகள் பதிந்து தரும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். காலையில் வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய், இரவில் அதே வழியில் திரும்புவேன். இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் மேல் தனக்கிருந்த மேற்பார்வையை விட்டுவிடப் போவதாக அமெரிக்க அரசு அறிவித்திருந்தது. அந்த இடத்துக்கு இன்னொரு அரசோ அரசுகளின் கூட்டமைப்போ வரக் கூடாது என்பதும் நிபந்தனை.

“நம் பிழைப்பு இதில் இருக்கிறது. இனி ஐகேனைக் கட்டுப்படுத்தப் போகும் விதிகளின் வரைவுகளைப் படித்துத் தமிழில் இரண்டிரண்டு பக்கமாக எழுதிக் கொடுங்கள்” என்றார் முதலாளி. அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அந்தத் தாள்களோடு கழிந்தன.

பெரும்பகுதி வறண்ட சட்ட மொழி. ஆனால் ‘தாங்குதிறன் சோதனை’ என்ற பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கென அமைந்த குழு 37 கெட்ட சூழ்நிலைகளைக் கற்பனை செய்து எழுதியிருந்தது. பெரிய மோசடி நடக்கிறது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அமைப்பின் நோக்கத்துக்கு எதிராக நடக்கிறார். ஒரு தரப்பினர் மட்டும் சேர்ந்து அமைப்பையே கைப்பற்றிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள்: இப்போதுள்ள விதிகளை வைத்து அதைத் திருத்த முடியுமா? புதிதாக முன்வைக்கும் விதிகளை வைத்து முடியுமா? அது நடக்க எவ்வளவு வாய்ப்பிருக்கிறது என்ற கணக்கிற்கு அங்கே இடமே இல்லை. நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் பேச்சே தொடங்கும். ‘அப்படியெல்லாம் நடக்காது’ என்று கூட்டத்தில் யாரும் வாயடைத்துவிட முடியாத அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதிகம் சண்டை நடந்தது 18ஆம் எண் சோதனையில். அரசுகளின் ஆலோசனைக் குழு ஐகேன் இயக்குநர் குழுவுக்கு அறிவுரை சொன்னால், அதை ஏற்க முடியாதபோதும் இரு தரப்புக்கும் பொருந்தும் ஒரு தீர்வைத் தேட இயக்குநர்கள் கடமைப்பட்டவர்கள். அதுவரை அரசுகள் ஒருமித்து, யாருடைய ஆட்சேபமும் இல்லாமல்தான் அறிவுரை சொல்லி வந்தன. நாளைக்கே அந்தக் குழு தன் நடைமுறையை மாற்றி, பெரும்பான்மை வாக்கில் அறிவுரை சொல்லத் தொடங்கினால்? பல நாடுகள் எதிர்த்த ஒன்றுக்கும் இயக்குநர்கள் அதே மரியாதையைத் தர வேண்டியிருக்கும். தங்கள் நடைமுறையில் வெளியார் கை வைப்பதாகச் சில அரசுகள் கொதித்தன. கடைசியில் விதி இப்படி எழுதப்பட்டது: எந்த உறுப்பினரும் முறையான ஆட்சேபம் தெரிவிக்காத அறிவுரைக்கே அந்தச் சிறப்பு மதிப்பு உண்டு, அதை நிராகரிக்க இயக்குநர் குழுவில் 60 சதவீத வாக்கு வேண்டும். நடக்காத ஒன்றுக்காக எத்தனை மாத உழைப்பு என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். நடந்த பிறகு அந்த வாக்கியத்தை யார் எழுத விடுவார்கள்?

13ஆம் எண் சோதனை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பொறுப்புக் கேட்கும் வழிகளை ஒரு தரப்பு ஓயாமல் பயன்படுத்தி அமைப்பையே முடக்கிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் மனு, கலந்தாய்வு, முடிவு என்று படிகள் வைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு வைத்தார்கள். இயக்குநர் குழு முழுவதையும் கலைக்க வேண்டுமானால், அதிகாரம் பெற்ற ஐந்து தரப்புகளில் நான்கு ஆதரிக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் எதிர்க்கக் கூடாது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. பழைய முறையில் ஐகேன் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்டால், அந்த மனுவைத் தீர்மானித்தது அதே இயக்குநர் குழுதான். வெளியார் மறுஆய்வுக் குழு ஒன்று இருந்தது. அதன் தீர்ப்போ வெறும் யோசனை. புதிய விதிகளில் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், நீதிமன்றம் வழியாக நிறைவேற்றவும் முடியும். 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து இவையெல்லாம் நடைமுறைக்கு வந்தன. அடுத்த மாதமே ஹைதராபாத்தில் ஐகேன் கூடியது.

புகார் யார் கைக்குப் போகிறது என்ற இந்தக் கேள்வி எங்கள் பகுதிக்கு அந்நியமில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும் என்பதை இங்கே தென்னை வைத்திருப்பவர்கள் பிள்ளைகளின் வயதைப் போல நினைவில் வைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் டீக்கடைப் பேச்சு, எண் எவ்வளவு என்பதைப் பற்றி இருக்காது. யாரிடம் போய்க் கேட்பது என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

2017இல் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் புகார் விதி ஒன்றை எழுத வேண்டி வந்தது. அப்பா நிர்வாகக் குழுவில் இருந்தார். பாலின் கொழுப்பைக் கருவி குறைத்துக் காட்டுகிறது என்று பால் ஊற்றும் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கொழுப்பில் ஒரு புள்ளி குறைந்தால் லிட்டருக்கு விலை குறைகிறது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு மாதக் கடைசியில் அது தீவனப் பாக்கியாக நிற்கும். வரைவில் ஒரு வரிதான்: ‘புகார் இருந்தால் செயலாளரிடம் எழுத்தில் தரலாம், ஏழு நாளில் பதில் தரப்படும்.’

அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பொதுயோகத்தில் சொன்னேன். முதல் சூழ்நிலையாக, கருவி உண்மையிலேயே பழுது என்று வைத்துக்கொண்டோம். நான் விளக்கி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா எழுந்துவிட்டார்.

“பாலை அளக்கிறது அவர். சீட்டு போடுகிறது அவர். புகாரையும் அவர் கையில்தான் கொடுக்க வேண்டுமா, கண்ணு?”

செயலாளர் கெட்டவர் இல்லை. பெரியம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் நான் படித்த தாள்களின் நடுப்புள்ளியை அவர் ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர் அவர். பால் காசு குறைந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கூடத்தில் அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. வரைவை எழுதிய நாங்கள் ஒருவரும் பால் ஊற்றுபவர்கள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

13ஆம் எண்ணும் அன்று தானாகவே வந்தது. தினமும் பத்துப் பேர் மறுபடி சோதிக்கச் சொன்னால் பால் வண்டி நிற்காதே, பால் கெட்டுவிடுமே என்றார் அளவை பார்க்கும் தம்பி. அது நியாயமான கவலை. ஆட்சேபம் சொன்னால் பாலைத் திருப்பாமல் மாதிரியை மட்டும் சிறிய பாட்டிலில் குளிர்பெட்டியில் வைத்து, வண்டி போன பிறகு வேறொரு கருவியில் பார்ப்பது என்று முடிவாயிற்று. புகாரை வாங்க, நிர்வாகக் குழுவில் இல்லாத, பால் ஊற்றும் ஒருவரை ஆண்டுதோறும் பொதுயோகமே தேர்ந்தெடுக்கும். அவர் கொடுக்கும் ரசீதில் தேதி இருக்க வேண்டும்.

எல்லோரும் கிளம்பும்போது பெரியம்மா தூக்குப்பாத்திரத்தோடு என் அருகில் வந்தார்.

“வருகிற வருடம் செயலாளரின் மச்சானையே தேர்ந்தெடுத்துவிட்டால்?”

“அதற்கு இன்னும் விதி எழுதவில்லை, பெரியம்மா.”

“எழுதி வை” என்றார். அன்றிரவு நோட்டில் அதை நான்காம் சூழ்நிலையாக எழுதினேன். அதற்கு நேராக வலப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.