முதல் நாள் அல்வா கிடைக்கவில்லை

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸ், திருநெல்வேலி ஜங்ஷனை அடையும்போது காலை ஏழு மணி ஆகியிருக்காது. கல்லூரியில் என்னுடன் படித்த மூன்று நண்பர்களும், அவர்களில் ஒருவரின் மனைவியும் ஆனி மாதத் தொடக்கத்தில் அந்த வண்டியில் வந்து இறங்கினார்கள். கோவைக்காரரான நண்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அல்வாக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார். மாலை ஐந்து, ஐந்தரை ஆகும் என்றேன். ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த பண்டத்தைப் பகலெல்லாம் விற்காமல் அப்படி என்ன செய்கிறார்கள் என்று அவர் வியந்தார். ஜங்ஷனில் சாந்தி ஸ்வீட்ஸ் போன்ற கடைகளில் எந்த நேரமும் அல்வா கிடைக்கும் என்பதையும் சொன்னேன். ஆனால் அவர் மாலையில் திறக்கும் அந்த இருட்டுக்கடையில் நின்று தின்பதற்கென்றே வந்திருந்தார். எங்கள் ஊரில் தின்பண்டங்கள் மனிதரின் பசிக்கு ஏற்ப வருவதில்லை, தமக்குரிய நேரத்தில்தான் வரும் என்பதை அந்த இரண்டு நாளில் நால்வரும் தெரிந்துகொண்டார்கள். அதைக் கற்றுத் தர வேண்டிய நானே முதல் நாள் கோட்டை விட்டேன்.

ஜங்ஷனிலிருந்து டவுனுக்குச் செல்லும் வழியில் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளத்தில் ஏறினோம். ரயில் பாதையைக் கடப்பதற்காக 1973-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டிருந்தாலும், ஆட்டோக்காரர் முதல் ஆட்சியர் அலுவலகத்தார் வரை எவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் பைகளை வைத்துவிட்டு, பல் துலக்கியவுடன் அவர்களைக் குறுக்குத்துறைக்கு அழைத்துச் சென்றேன். விருந்தினரை முதலில் ஆற்றுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது என் தந்தையார் விடாது கடைப்பிடித்த வழக்கம். ஆற்றில் முங்கி எழுந்தவனுக்குத்தான் இந்த ஊர்ச் சாப்பாடு செரிக்கும் என்று அவர் சொல்வார்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலோடு சேரும் வரை தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே ஓரடிகூட வைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் முறைவைத்து அதற்கு நீர் வார்க்கின்றன. அன்று கார் பருவ நெல் சாகுபடிக்காக அணை திறக்கப்பட்டிருந்ததால் படித்துறையின் கீழ்ப்படிகள் நீருக்குள் இருந்தன. குறுக்குத்துறை முருகன் கோயில் கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே பாறை மீது அமர்ந்திருக்கிறது. வெள்ளம் மோதிப் பிரிந்து செல்வதற்காக நீர் வரும் திசையின் சுவரைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றில் நீர் ஏறத் தொடங்கினால் உற்சவரையும் பூசைப் பொருள்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டு சென்றுவிடுவார்கள்; மூலவர் நீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கோயில் முழுகிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக நண்பரின் மனைவி நினைவுகூர்ந்தார். வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரிவிட்டுப் பூசையைத் தொடர்வது எங்களுக்குப் புதிதல்ல என்றேன். அப்படிச் சொன்னாலும், அந்த டிசம்பரை அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட முடியாது என்பதும் மனத்துக்குள் உறுத்தியது.

குளித்து ஏறியபின் எவருக்கும் பேச்சில் நாட்டம் இல்லை. ரத வீதி ஒன்றின் முனையில் இருக்கும் பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு கடையில் இட்லியும், நல்லெண்ணெயில் குழைத்த எள்ளு மிளகாய்ப்பொடியும், பின்னர் ரசவடையும் தின்றோம். ஒன்பதரைக்குமேல் அங்கே இட்லி இருக்காது. அண்ணாச்சி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார், அதன்பின் மாவு இருந்தாலும் ஊற்ற மாட்டார். ஐந்தாவது இட்லியைக் கேட்கலாமா என்று தயங்கிய கோவை நண்பரின் இலையில், அவர் வாய் திறக்கும் முன்பே இரண்டு இட்லிகள் விழுந்தன. "வெளியூர்க்காரவுகளா? நல்லாச் சாப்பிடுங்க, மத்தியானம் இந்த ருசி வராது" என்றார் அண்ணாச்சி.

பத்து மணிக்குத் திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரத்துக்குப் புறப்பட்டோம். வழியில், நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒரு காலத்தில் இந்த இரு ஊர்களுக்கும் இடையே ஆற்றைக் கடக்கத் தோணியை விட்டால் வேறு வழி இருந்ததில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கட்டுவித்த இந்தப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. மனைவியின் நகைகளையும் விற்றுக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அரசாங்க வேலை பார்த்தவர் சொந்தக் காசில் பாலம் கட்டினார் என்பதை நம்புவதற்கே நண்பர்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

கிருஷ்ணாபுரத்துக்கு முன்பாக, புளியமரத்தடியில் ஒருவர் பதநீர்ப் பானையுடன் உட்கார்ந்திருந்தார். பனையோலையைப் பட்டையாக மடித்து, அதில் பதநீரை ஊற்றி, நுங்கை நகத்தாலேயே கீறிப் போட்டுக் கொடுத்தார். பருவம் முடிகிற காலம் ஆகையால் பானையில் பாதிக்குக் கீழேதான் இருந்தது. பட்டையின் மடிப்பை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். நிறுத்தினால் சட்டையெல்லாம் நனையும். நால்வரில் மூவர் நனைந்தார்கள். பதநீரும் காலைப் பண்டம்தான். வெயில் ஏற ஏற அதன் சுவை மாறிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதால்தான் அது கள்ளாகாமல் இனிப்பாக இருக்கிறது என்று சொன்னதும், சுண்ணாம்பையா குடித்தோம் என்று ஒருவர் முகம் சுளித்தார். இன்னொரு பட்டை வாங்கிக் குடித்தவரும் அவரே.

வெங்கடாசலபதி கோயிலின் சிற்பங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை வேறு திசையில் போய்விடும். நாயக்கர் காலத்துத் தூண்களில் கர்ணனும் அர்ச்சுனனும், ரதியும் மன்மதனும், இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனும் நிற்கிறார்கள். குறவனின் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிவதையும், தொடையில் நரம்பு புடைத்திருப்பதையும் விரல் படாமல் பார்த்துக்கொண்டே நின்றதில் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

மதியம் அம்மா உளுந்தஞ்சோறு செய்திருந்தார். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, தேங்காய்ப்பூ, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு அது. எள்ளுத் துவையலும் அவியலும் இல்லாமல் அதைப் பரிமாறினால் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவாகக் கொள்வார்கள். கரிய புள்ளிகளோடு இலையில் விழுந்த சோற்றைப் பார்த்து முதலில் தயங்கியவர்கள், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அதன் விளைவைப் பிற்பகலில் அனுபவித்தோம். நான்கு மணிக்கு நெல்லையப்பர் கோயில் நடை திறக்கும், ஐந்து மணிக்குள் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கலாம் என்பது என் கணக்கு. உண்ட மயக்கத்தில் நால்வரும் எழுந்தபோதே மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது.

அப்போதே நேராகக் கடைக்குப் போயிருக்க வேண்டும். "முதலில் சாமி, பிறகு அல்வா" என்று நான்தான் பெரிய மனிதராகத் தீர்ப்புச் சொன்னேன். நெல்லையப்பர் கோயிலில் அவசரமாக எதையும் பார்த்துவிட முடியாது. நிவேதனத்துக்காக வேதசர்மா காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியிட்டுக் காத்ததால் ஊர் நெல்வேலி ஆயிற்று என்ற கதையை ஒருவருக்குச் சொன்னேன். திருஞானசம்பந்தர் "திருநெல்வேலி உறை செல்வர் தாமே" என்று பாடியதை இன்னொருவருக்குச் சொன்னேன். மணிமண்டபத்தில், ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சூழ்ந்து மெல்லிய சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்ட இசைத்தூண்களைக் கோயில் ஊழியர் ஒருவர் விரலால் தட்டிக் காட்டினார். பாட்டு கற்றவரான நண்பரின் மனைவி ஒவ்வொரு தூணிலும் காதை வைத்து, எது எந்தச் சுரம் என்று தேடத் தொடங்கினார். அங்கிருந்து அவரை நகர்த்த மனம் வரவில்லை. பிறகு, வடமலையப்பப் பிள்ளையன் 1647-இல் சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைத்துக் கட்டிய சங்கிலி மண்டபத்தின் வழியாகக் காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போனோம். வெளியே வந்தபோது ஏழரை மணி.

கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருக்கும் கடையின் முன் கூட்டம் இல்லாததைக் கண்டு, நல்லவேளை என்று மகிழ்ந்தார் கோவை நண்பர். கூட்டம் இல்லையென்றால் அல்வா இல்லை என்று பொருள். பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துக் கையை மட்டும் விரித்தார். "அல்வா கொடுப்பது என்றால் என்ன என்பதை இன்றுதான் முழுமையாக அறிந்துகொண்டேன்" என்று நண்பர் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பாளையங்கோட்டையில் கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து அந்த இரவை ஒருவாறு சமாளித்தேன்.

மறுநாள் காலை, பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயத்தையும், கிளாரிந்தா அம்மையார் கட்டுவித்து 1785-இல் திறக்கப்பட்ட சிறு ஆலயத்தையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு முன்பே வீடு திரும்பிவிட்டோம். அன்று சொதி. நெல்லைச் சைவ வேளாளர் வீட்டுத் திருமணங்களில், மணநாளுக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படைக்கும் விருந்தில் சொதிதான் முதன்மை. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுக்க வேண்டும். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவை மூன்றாம் பாலில் வேகும். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியோடு அரைத்த பச்சை மிளகாயும் இரண்டாம் பாலில் சேரும். கெட்டியான முதற்பாலை இறுதியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் அந்த இரண்டு நிமிடங்களில் அம்மாவிடம் எவரும் பேசக் கூடாது. அடுப்பை அணைத்தபின்புதான் எலுமிச்சைச் சாறு. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்க இஞ்சிப் பச்சடி, மொறுமொறுப்புக்கு உருளைக்கிழங்கு வறுவல். வற்றல் மிளகாயும் புளியும் இல்லாத ஒரு குழம்பு இத்தனை சோற்றை இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார்கள். "சோறு இன்னும் வைக்கட்டா? கூச்சப்படாதிய" என்று அம்மா கேட்டபோது, கோவை நண்பர் மட்டும் கையால் இலையை மறைத்துக்கொண்டார். மாலைக்காக வயிற்றில் இடம் விட்டு வைக்கிறாராம்.

நாலரை மணிக்கே கீழ ரத வீதியில் நின்றோம். ஆனித் தேரோட்டத்துக்காகத் தேரின் மறைப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அல்வாவின் செய்முறையைச் சொல்லிப் பொழுதைப் போக்கினேன். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அதைப் புளிக்கவிட்டு, சர்க்கரையோடு சேர்த்துக் கிண்டிக்கொண்டே நெய்யை ஊற்ற வேண்டும். உள்ளே போன நெய் ஓரத்தில் பிரிந்து வெளியே வரும்வரை கை ஓயக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர்தான் சுவைக்குக் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் வெளியூரில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதே தண்ணீரில் செய்து சுமாராக வந்த அல்வாவையும் இதே ஊரில் தின்றிருக்கிறேன். பாராட்டில் கிண்டுகிறவரின் தோள்வலிக்கும் பங்கு தர வேண்டும் என்பது என் கருத்து.

கடையில் மங்கலான ஒற்றை விளக்கு எரிந்தது. ஆளுக்கு நூறு கிராம், இலைத் துண்டில் சூடாக வைத்துத் தந்தார்கள். வீதியோரத்திலேயே நின்று தின்றோம். சூட்டில் நெய் விரல் வழியாக மணிக்கட்டு வரை வழிந்தது. வாய்க்குள் மெல்லுவதற்கு எதுவும் இல்லை, நாக்கில் பட்டதும் தானே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. திகட்டலை முறிக்கப் பக்கத்துக் கடையில் வாங்கி வைத்திருந்த காராச்சேவை நீட்டினேன். மூவர் எடுத்துக்கொண்டார்கள். கோவை நண்பர் எதுவும் சொல்லவில்லை. இலையை வழித்துவிட்டுக் கையைக்கூடத் துடைக்காமல், அப்போது மதில் வரை நீண்டிருந்த வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றார். இரவு வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.