மூன்றாவது தடவையில் குமிழ் இல்லாத ரப்பர் பூச்சு

மாடித் தளத்தில் மழைநீர் கசியாமல் இருக்க மூன்றாவது முறையாக ரப்பர் பூச்சு அடித்தாயிற்று, இந்தத் தடவை ஒரு குமிழ்கூட இல்லை. பத்து நாளாகத் தினமும் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

மூன்று தடவையும் அதே தண்ணீர்க் கலவை அக்ரிலிக் பூச்சு, அதே ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு. குமிழை ஒழித்தது அடித்த நேரத்தை மாற்றியதுதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு தோல்வி தேவைப்பட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் தடவை, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று காலை ஏழரைக்கே ஆரம்பித்தேன். பத்து மணிக்குப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. மதியம் போனால் வியர்க்குரு வந்த முதுகு மாதிரி தளம் முழுக்கக் கொப்புளம், பாதி கொப்புளங்களின் உச்சியில் ஊசி குத்தியது போல ஓட்டை. தண்ணீர் இறங்க அந்த ஓட்டை போதும். சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிறு போயிற்று.

ஈரம்தான் காரணம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் தாளை 45 செ.மீ. சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மறுநாள் வரை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை, தளத்தின் நிறமும் மாறவில்லை. சரி, அப்படியானால் ரோலர்தான் காற்றை அடிக்கிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரஷ்ஷால் பொறுமையாக, ஆனால் மறுபடியும் காலையில், அடித்தேன். மறுபடியும் அதே வியர்க்குரு.

பிறகுதான் உறைத்தது. கான்கிரீட் உள்ளே முழுக்கப் பொடித் துளைகள், அவற்றில் காற்று. காலையில் 25 டிகிரியில் இருக்கும் தளம் மதியம் 55 டிகிரிக்குப் போனால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 10 சதவீதம் விரிகிறது. அது வெளியே வரப் பார்க்கும் நேரத்தில்தான் நான் மேலே ஒரு ரப்பர் தோலைப் போர்த்தி வைத்திருக்கிறேன், அது எங்கே போகும், தோலைத் தூக்கிக்கொண்டுதான் வரும். மாலையில் நடப்பது நேர் எதிர். தளம் ஆறும்போது உள்காற்று சுருங்கி, பூச்சைத் துளைக்குள் இழுத்துக்கொள்கிறது. ப்ரைமருக்கும் இது ரொம்ப நல்லது.

அதனால் இந்தத் தடவை ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கினேன். இரண்டு மணிக்கு 54, மூன்றரைக்கு 49, நாலு மணிக்கு 46. அரை மணி இடைவெளியில் இரண்டு அளவு தொடர்ந்து இறங்கினால்தான் டப்பாவின் மூடியைத் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். ரொம்பத் தாமதித்தாலும் ஆபத்து, பூச்சு காய்வதற்குள் பனி இறங்கினால் வெளிறிப்போய் மேல்தோல் பிசுபிசுக்கும். ஆகவே நாலரை மணிக்கு ஆரம்பித்து ஐந்தே முக்காலுக்குள் முடித்தேன், அன்றைக்கு முடிகிற அளவு மட்டும்.

தடிமனும் சேர்ந்து கெடுக்கும். ஒரே அடுக்கில் தடியாகப் போட்டால் மேலே தோல் கட்டி, உள்ளே இருக்கும் ஈரம் மாட்டிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றிப் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ., திடப்பொருள் கன அளவில் 60 சதவீதம் என்றால் காய்ந்தபின் 0.6 மி.மீ.தான். டப்பாவின் மேல் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கை நம்பாதீர்கள், அது வழுவழுப்பான தளத்துக்கு, அதுவும் ஒரு அடுக்குக்கு. நான் மூன்று மெல்லிய அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்காக இழுத்தேன். டப்பா வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள், பழையதில் அடியில் களி மாதிரி உறைந்து கிடக்கும். அதைக் கலக்க டிரில்லை வேகமாகச் சுற்றினால் நுரை கட்டி, நான் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒழித்த குமிழை நானே உள்ளே ஏற்றியது போல ஆகிவிடும்.

விரிசலைப் பற்றி ஒன்று. பூச்சு 300 சதவீதம் நீளும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து விரிசல் மேலேயே அப்படியே அடித்துவிடுகிறோம். 0.2 மி.மீ. விரிசல் 1 மி.மீ. ஆனால், அந்த இடத்தில் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சு 400 சதவீதம் நீண்டாக வேண்டும். கிழியத்தான் செய்யும். அதனால் விரிசல் மேல் முதலில் 25 மி.மீ. அகல மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் வலைத்துணியோடு பூச்சு போட்டேன். டேப்பின் மேல் பூச்சு தளத்தோடு ஒட்டாததால் அந்த 0.8 மி.மீ. அசைவு 25 மி.மீ. முழுக்கப் பரவி, 3 சதவீதம் சொச்சம் நீண்டால் போதும் என்றாகிவிடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, இரண்டாம் தடவை கிழிந்த பூச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தது.

கைப்பிடிச் சுவர் மூலையில் விறைப்பான கண்ணாடி இழை வலை மடங்காமல் எழுந்து எழுந்து நிற்கிறது. அங்கே மட்டும் மெல்லிய பாலியெஸ்டர் துணிக்கு மாறினேன், ஈரப் பூச்சில் பதிந்தவுடன் சொன்ன பேச்சைக் கேட்டது. அடுத்து ஜன்னல் மேல் சன்ஷேடு, அப்புறம் குளியலறைத் தளம். குடிநீர்த் தொட்டியின் உட்புறம் அடிக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார், குடிநீருக்கு உகந்தது என்று தெளிவாகச் சொல்லாத எதையும் அங்கே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சன்ஷேடுக்குப் போகும் முன் மழைநீர்க் குழாயின் வாய் பாக்கி இருக்கிறது. பிவிசி வழுவழுப்பில் பூச்சு தோலாக உரிந்து வந்தது, எனவே மணல்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். அது முடிந்தால்தான் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க முடியும். மூன்று நாளாகச் சரியாக நாலு மணிக்கு மேகம் கூடுகிறது. வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.