சுண்டு விரல் எலும்புக்குள் இருந்த கட்டி

மெத்தை விரிப்பின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தேன். வலது கை சுண்டு விரலில் டக்கென்று ஒரு சத்தம். கீழே விழவில்லை, கதவிடுக்கில் மாட்டவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் விரலின் அடிப்பக்கம் வீங்கி, பக்கத்து விரலை இடிக்க ஆரம்பித்துவிட்டது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எவ்வளவு பலமா அடிபட்டுது?" என்று கேட்டார். அடியே படவில்லை என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்ற விரல் எலும்புகளுக்குத் தடித்த வெள்ளைச் சுவர். என் சுண்டு விரலின் அடி எலும்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் நீள்வட்டமாக ஒரு பள்ளம், அதற்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். சுவர் முட்டை ஓடு போல மெலிந்து, அதன் குறுக்கே ஒரு விரிசல்.

"எலும்புக்குள்ள ஒரு கட்டி இருக்கு. அதான் இவ்வளவு லேசா உடைஞ்சிருக்கு" என்றார். கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கூட வந்திருந்த அக்காதான், "கேன்சரா டாக்டர்?" என்று கேட்டாள்.

"பார்த்தா அப்படித் தெரியலைம்மா. என்காண்ட்ரோமா மாதிரி இருக்கு" என்று சொல்லி, பொறுமையாக விளக்கினார். எலும்புக்குள்ளே குருத்தெலும்பு வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கை எலும்புகளில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம். பலருக்கு இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது கண்ணில் படும். வலி இல்லாமல், எலும்புச் சுவரும் பலமாக இருந்தால் அவ்வப்போது பார்த்துக்கொண்டாலே போதும்.

அப்புறம் இரண்டு கைகளையும் முழுதாக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தோலில் எங்காவது நீல நிறத்தில் மெத்தென்ற முடிச்சுகள் இருக்கின்றனவா என்றும் தேடினார். ஒரே ஆளுக்குப் பல எலும்புகளில் இந்தக் கட்டி இருந்தால் அது ஒல்லியர் நோய். கூடவே ரத்தக்குழாய் முடிச்சுகளும் இருந்தால் மஃபூச்சி நோய். இந்த இரண்டிலும் கட்டி பின்னாளில் புற்றாக மாறும் வாய்ப்பு கூடுதல் என்பதால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். ஒற்றைக் கட்டியில் அப்படி மாறுவது மிக அரிது. எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

உடனே அறுவை சிகிச்சை என்று நினைத்திருந்தேன். முதலில் உடைந்த எலும்பு ஒன்றுசேரட்டும் என்றார். முட்டை ஓடு போன்ற எலும்பு உடைந்திருக்கும்போதே உள்ளிருக்கும் கட்டியைச் சுரண்டி எடுத்தால், துண்டுகளை நிலையாகப் பிடித்து வைப்பது கஷ்டமாம். இரண்டையும் ஒரே நேரத்தில் முடிக்கும் மருத்துவர்களும் உண்டு என்று அவரே சொன்னார். சுண்டு விரலை மோதிர விரலோடு சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் காத்திருந்தேன். உள்ளே கட்டியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது உடம்பைவிட மனதுக்குத்தான் பாரமாக இருந்தது.

அறுவை சிகிச்சையன்று அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நான் விழித்தேதான் இருந்தேன். எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, கரண்டி போன்ற கருவியால் உள்ளே சுரண்டினார்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. வெளியே வந்ததை ஒரு குப்பியில் காட்டினார்கள். நீலம் பாய்ந்த வெள்ளையில், கூழும் மணலும் கலந்தாற்போல் இருந்தது. குழியை என் மணிக்கட்டுப் பக்கத்து எலும்பிலிருந்து எடுத்த துகள்களால் நிரப்பினார்கள். செயற்கைப் பொருள் வைப்பதும் உண்டு, காலியாகவே விட்டு எலும்பு தானாக நிரம்பக் காத்திருப்பதும் உண்டு. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பயாப்ஸிக்கு அனுப்பும்போது எக்ஸ்ரேயையும் சேர்த்து அனுப்பினார் டாக்டர். ஏன் என்று கேட்டேன். இதே கட்டி தொடை எலும்பில் இருப்பதைவிட விரலில் இருக்கும்போது செல்கள் நெருக்கமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியுமாம். எந்த எலும்பு, எக்ஸ்ரே எப்படி என்று தெரியாமல் செல்களை மட்டும் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்ள இடம் உண்டு. இதே நிலையில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து நாளில் முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். உண்மையான வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது. விரலை நீட்டி மடக்கும் தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. காயம் ஆறும்போது அவையும் சுற்றியுள்ள தழும்போடு ஒட்டிக்கொள்ளும். கட்டுப் பிரித்த அன்று கையை மூடினால் மூன்று விரல்கள் உள்ளங்கைக்குப் போயின, சுண்டு விரல் அந்தரத்தில் நின்றது. பிசியோதெரபிஸ்ட் ஸ்கேலை வைத்து அளந்தார். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே 3 சென்டிமீட்டர். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துவிட்டு, அடி எலும்பை மறு கையால் அசையாமல் பிடித்து நடுக் கணுவை மட்டும் மடக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு ஐந்தாறு தடவை. வலிக்கும் என்று நான் தள்ளிப்போட்ட வாரத்தில் அளவு நகரவே இல்லை. பயிற்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் 2 ஆனது, அப்புறம் 1. மூன்றாவது மாதக் கடைசியில் நுனி உள்ளங்கையைத் தொட்டது. அன்று அழுதுவிட்டேன்.

இப்போது ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் அந்தச் சாம்பல் பள்ளம் வெள்ளையாக நிரம்பியிருக்கிறது. விரல் கடைசிக் கொஞ்சம் நிமிராது. ஆனால் ஈரத் துணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிகிறேன், மெத்தை விரிப்பையும் நானேதான் செருகுகிறேன்.